நாலு பேர் இணைந்திருக்கிறார்கள்

ஸ்டூலின் மேல் ஏறி, அலமாரியின் உச்சித் தட்டில் அவள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து கணவர் கேட்டார்.

“எந்த லைட் எரியுது?”

“சிவப்பு. விட்டு விட்டு எரியுது.”

“பச்சை?”

“பச்சையே காணோங்க.”

அடுத்த கேள்விக்கு அவருக்கு மூச்சு சேர வேண்டியிருந்தது. அவள் ஸ்டூலிலேயே நின்றாள். இதயம் இனி அதிக நாள் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப்போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு நாளாகியிருந்தது. அவரிடம் அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவர் ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்ப்பவர். இருபத்தாறு வருட வேலை. கம்பெனிகள் பழைய மெஷின்களைக் கைகழுவிவிடும். அவற்றின் கையேடுகளும் கிடைக்காமல் போகும். அதனால் பல ஊர்களில் இருந்த முப்பத்தொரு மெக்கானிக்குகள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். நடுவில் பெரியவன் என்று யாரும் கிடையாது. ஒருவர் கையேடு கேட்டால், யார் பெட்டியில் இருக்கிறதோ அது எடுத்துக் கொடுக்கும். அலமாரி உச்சியில் ராத்திரியும் பகலும் ஓடும் அந்தப் பெட்டிக்கு அவள் வைத்த பெயர் ‘சின்ன வீடு’. இந்த வீட்டில் சோறு கேட்காத ஒரே ஆள் அதுதானே என்று அவர் பதில் சொல்வார்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தூரத்து ஊரிலிருந்து ஒரு மெக்கானிக் கூப்பிட்டார். டயாலிசிஸ் மெஷின் ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. நோயாளிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கையேட்டை இவர் படுக்கையில் விழுவதற்குச் சில நாள் முன்புதான் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார். மற்ற பெட்டிகள் அதை நகல் எடுத்துக்கொள்வதற்குள் இந்தப் பெட்டி படுத்துவிட்டது. வீடே ஆஸ்பத்திரிக்கும் கட்டிலுக்குமாக அலைந்துகொண்டிருந்ததில் அதை யாரும் கவனிக்கவில்லை.

நெட் ஒயரைக் கழற்றி மாட்டச் சொன்னார். மாட்டினாள். நகம் அளவு மெமரி கார்டை உருவி, துணியால் துடைத்துச் செருகச் சொன்னார். செருகினாள். பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அவர் சொன்ன பக்கத்தைத் தன் போனில் திறந்தாள். ‘இணைந்திருப்பவர்கள்: 0’ என்று இருந்தது. சற்று நேரத்தில் 1 ஆனது. பெட்டி அணைந்தது. தானே எழுந்தது. மறுபடி 0.

மூன்று முறை இப்படியே நடந்தது. ஒவ்வொரு முறையும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒவ்வொரு முறையும் சொல் வருவதற்கு முந்தைய தடவையைவிட நேரமானது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. முகம் தெரியாத யாருக்காகவோ இந்த மூச்சையெல்லாம் செலவழிக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாளாகத் தன்னிடம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தவள் அவள்.

“வந்துருச்சுங்க,” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். “நாலு பேர் இணைஞ்சிருக்காங்க.”

“நாலா?”

“ம்.”

“சரி. நீ இறங்கு. எவ்வளவு நேரம்தான் நிப்பே.”

பிறகு தன் போனைக் கேட்டார். ஒற்றைக் கட்டை விரலால் வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அவள் வெந்நீர் வைக்கப் போனாள். திரும்பி வந்தபோது போனை மார்பில் கவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். ஸ்பூனால் இரண்டு வாய் நீர் கொடுத்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே தூங்கினார். மாலை நான்கு மணி வாக்கில் அந்தப் பிடி தளர்ந்திருந்தது. எப்போது தளர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகும் ஒருத்தி மட்டும் போகவில்லை. அவரிடம் எட்டு வருடம் வேலை பார்த்தவள். சின்ன மெக்கானிக் என்றுதான் ஆஸ்பத்திரியில் கூப்பிடுவார்கள். பெட்டியை எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவருவதாகச் சொல்லி அவளே ஏறி இறக்கினாள். ஒயரைப் பார்த்தவுடன் நின்றாள்.

“இந்த சார்ஜர் பத்தாதேக்கா. இதுக்குன்னு தடியா ஒண்ணு இருந்துச்சே?”

அந்தத் தடி சார்ஜர் சமையலறையில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடும்போது போன் அணைந்துவிடக் கூடாதே என்று அவள்தான் அதைக் கழற்றி எடுத்துவிட்டு, டிராயரில் கிடந்த பழைய சார்ஜரை இங்கே மாட்டினாள். பெட்டிக்கு அதில் வித்தியாசம் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

“நான்தான் மாத்துனேன்,” என்றாள்.

சின்ன மெக்கானிக் பழைய சார்ஜரின் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்த ஊர் மெஷின் என்ன ஆயிற்று என்று அவளிடம் இவள் கேட்டாள். பெட்டி வந்துவிட்டது என்று அவரிடம் பொய் சொன்னதையும் சொல்லிவிட்டாள்.

“அண்ணனுக்குத் தெரியுமேக்கா. நேத்தே நம்ம மெக்கானிக் குரூப்ல எழுதிட்டாரே.”

போனை நீட்டினாள். நேற்று மதியம் ஒன்று பத்துக்கு அவர் எழுதியிருந்தது:

‘என் பெட்டி எழும்பவில்லை. இங்கிருந்து பார்த்தாலும் பூஜ்யம்தான். கரன்ட் பத்தவில்லை என்று நினைக்கிறேன். இவளை இன்னொரு தரம் ஸ்டூலில் ஏறச் சொல்ல மனசு வரவில்லை. யாரிடமாவது கையேடு தாளாக இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவசரம்.’

அவள் இரண்டு தரம் படித்தாள். அவரே போனில் பார்த்துக்கொள்ள முடியும் என்பது நேற்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“யாராவது அனுப்பினாங்களா?”

“ஒருத்தர் பழைய பீரோவைக் குடைஞ்சு எடுத்து அனுப்பினாரு. சாயங்காலம்தான் மெஷின் ஓடிச்சு. அதுக்குள்ள ரெண்டு பேஷன்டை வேன்ல வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க.”

“அவங்க நல்லா இருக்காங்களா?”

“தெரியலக்கா. அதுக்கப்புறம் யாரும் எழுதல.”

அவள் தலையாட்டினாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். சமையலறைக்குப் போய்த் தடி சார்ஜரைக் கொண்டுவந்து பெட்டியின் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாகப் பின்பக்கம் நடந்தாள்.

காலையில் துவைத்துப்போட்ட அவருடைய கட்டில் விரிப்பு கொடியில் காய்ந்து கிடந்தது. இரட்டைக் கட்டில் விரிப்பு. தனியாளாக மடித்தால் தரையில் புரளும். இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். பின்னாலேயே வந்த சின்ன மெக்கானிக் மற்ற இரண்டு மூலைகளை எடுத்துக்கொண்டாள். இருவரும் விரிப்பை இழுத்து உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்துவந்து மூலையோடு மூலையைச் சேர்த்தார்கள்.