வசனம் இல்லாத வேஷம்

இமையோரம் ஒட்டியிருந்த கறுப்பு மை எண்ணெய் தொட்டுத் துடைத்தும் போகவில்லை. அவள் பஞ்சைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் தேய்த்தாள்.

"போதும் விடுங்க அண்ணி. அண்ணனுக்குக் கண்ணு வலிக்கப் போகுது" என்ற நாத்தனார், சொன்னதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

முந்தின நாள் மாலை படப்பிடிப்பிலிருந்து வேஷத்தைச் சரியாகக் கலைக்காமலே வீடு வந்த கணவர், ஷூவைக் கழற்றக் குனிந்தார். நிமிரவில்லை.

திரையில் பேயைக் கண்டால் அவர் கண்கள் வெளியே விழுவது போலப் பிதுங்கும். அதற்காகவே அவருடைய பாடாவதிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு கூட்டம் இருந்தது. 'முட்டைக்கண்ணு' என்றாலே விசில் பறக்கும். இந்தக் கடைசிப் படத்தில் அவர் அவராகவே நடித்தார். சினிமாவில் வாய்ப்புக் கேட்டுப் பேய்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன. அவர் கட்டிலுக்கடியில் ஒளிகிறார். மனைவி கத்தியே விரட்டுகிறாள். பேய்களுக்குப் போர்த்த இவளுடைய படுக்கை விரிப்புகளைத்தான் டைரக்டர் வாங்கிப்போனார். அன்றுதான் கதை தெரிந்தது.

"ஊரே சிரிக்க நான்தான் கெடச்சேனா?"

"காமெடிதானேம்மா" என்றார்.

அதன்பின் அவள் பேசவில்லை. தட்டை வைத்தாள், எடுத்தாள்.

மதியத்துக்குள் கூடம் நிரம்பிவிட்டது. படத்தில் மனைவியாக நடித்தவள் அழுதபடி நுழைந்ததும் கூட்டம் வழிவிட்டது. போஸ்டரில் அவர் பக்கத்தில் பார்த்த முகம். ஒரு ரசிகர் இவள் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் நகருங்கம்மா, வீட்டுக்காரம்மா வர்றாங்க."

இவள் நகர்ந்தாள்.

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே அண்ணி?"

"விடு. யாரோ ஒருத்தர் அங்க உக்காரட்டும். எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு."

சமையலறையில் குப்புறக் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தபோது நடிகை தேடிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நான் இல்லன்னு சொல்லிப் பாத்தேன். யாரும் காதுல போட்டுக்கல."

"தண்ணி குடி. மூஞ்சியக் கழுவு, மையெல்லாம் வழியுது."

நடிகை முகம் கழுவினாள். அவளுக்குத் துண்டை நீட்டியபடியே இவள் கேட்டாள்:

"படத்துல நான் ரொம்பக் கத்துறேனாமே?"

"இல்லக்கா. டைரக்டர் அப்படித்தான் எழுதியிருந்தாரு. அண்ணன்தான் மொத நாளே மறிச்சிட்டாரு. 'என் வீட்ல கத்த மாட்டா. பேசாம ஒரு பார்வை பாப்பா, அதுக்கே பேய் ஓடிரும்'னாரு. ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. கடைசில படம் முழுக்க எனக்கு வசனமே இல்ல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. எப்படி நிக்கணும், எப்படித் தட்ட வைக்கணும்னு அவரேதான் நடிச்சுக் காட்டுவாரு. சிரிச்சு உருளுவோம்." நடிகை துண்டை மடித்தாள். "நேத்துகூடச் சொன்னாரு. 'நெசமாவே வீட்ல பேச்சு நின்னு போச்சும்மா. படம் வந்ததும் கூட்டிட்டுப் போய்க் காட்டிருவேன், அப்புறம் பேசிருவா'ன்னு."

கூடத்தில் யாரோ அவரைப் போலக் கண்ணை உருட்டிக் காட்டியிருக்க வேண்டும். சிரிப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது. வாசலில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம்.

இவள் வாளியை விட்டு எழவில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

நடிகை கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றாள். வெளியே தட்டினார்கள்.

"வண்டி வந்தாச்சு. தூக்கலாமா?"

"இருங்க" என்றாள் நடிகை, நகராமல்.