சித்தப்பாவுக்கு வைத்த தட்டு

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். எண்ணெய் காயும் வாசனை வந்ததும் மகள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"சித்தப்பாவுக்குக் காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலடி. அப்பா மாதிரியே அவருக்கும் நெஞ்சுல அடைப்பு இருக்காமே. வெறும் உருளைக்கிழங்குதான், பயப்படாதே."

லிப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு முதல்முறை நெஞ்சு வலி வந்தபோது, கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் அம்மா ஒரே நாளில் வீட்டை விட்டுத் துரத்தினாள். மனிதரின் வாயைக் கட்டிவிட்டோமே என்று மனசு கேட்காமல், பொரித்த கிழங்கு, ஜாம் தடவிய வெள்ளை பிரெட், கிரீம் பிஸ்கட் என்று ஈடுகட்டினாள். எல்லாம் செடியில் விளைந்ததுதானே! கீரையும் பயறும் அவளுக்கு நோயாளிச் சாப்பாடு. அதை அவருக்குப் போட அவளுக்குக் கை வரவில்லை.

இதுவும் இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை மகள் அப்பாவிடம் சொன்னாள். நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள்ளும் விசிலடித்துக்கொண்டு வேலை பார்க்கிற மனிதர், அன்றைக்குப் பதறிப்போனார்.

"உங்கம்மா காதுல போட்டுடாதே. என்னைக் காப்பாத்திட்டோம்னு எவ்வளவு சந்தோஷமா இருக்கா, பாத்தியா?"

மகள் கடைசிவரை அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "எதுக்கு அண்ணி சிரமம்" என்றபடியே சித்தப்பா கையை நீட்டினார். மகள் சட்டென்று தட்டை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்குதும்மா. சித்தப்பாவுக்குப் பழம் ஏதாவது குடு."

பழம் எடுக்கப் போன அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குள் வந்த மகள் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. அம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"இதுவுமாடி?"

"ஆமாம்மா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நீ ஆசையாப் போடறேன்னு சாப்பிட்டாரு."

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஒரு ஆப்பிளைக் கழுவி, தோல் சீவாமல் நறுக்கி, பாதியைச் சித்தப்பாவுக்கு மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

மகள் திரும்பி வந்தபோது, மீதிப் பாதியை அம்மா, அப்பா வேலைக்குக் கொண்டுபோகிற டிபன் டப்பாவில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.