தலை தீபாவளிக்குள்ள ஒரு பாட்டு

மணிவண்ணன், வயசு இருபத்திமூணு. சொந்த ஊரு சங்கராபுரம் பக்கம், இப்ப இருக்கறது வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு மாடி ரூம்பு. பகல்ல தவளக்குப்பத்துல பேனர் கடையில வேலை. மீதி நேரமெல்லாம் அவன் கம்ப்யூட்டரு, அதுல ஒரே ஒரு பாட்டு.

பாடினது அவன் தங்கச்சி விஜயராணி. கல்யாணத்துக்கு முந்தின வாரம் இந்த ரூமுக்கு வந்து ஒரே மூச்சுல பாடிட்டுப் போனா. இப்ப பாகூர்ல மாமியார் வூடு. அங்க பாட்டுன்னாலே மூஞ்சி கோணிக்கும். புருஷன் கலைவேந்தன் மட்டும், "தலை தீபாவளிக்கு உங்கூட்டுக்கு வரும்போது போடு, கேக்கறேன். நல்லாருந்தா பாட்டு கிளாஸ் போ, எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்"னு வாக்கு குடுத்திருந்தாரு. அந்த ஒரு வாக்கைப் புடிச்சிக்கினுதான் அவ நாளை ஓட்டிக்கினு இருந்தா.

அன்னைக்குப் பாடும்போது அவளுக்கு சளி. பயம் வேற. சுதி அங்கங்க எறங்கிடுச்சி. மணி மூணு மாசமா ஒக்காந்து ஒவ்வொரு எழுத்தா சரி பண்ணியிருந்தான். அதுக்குன்னு ஒரு ப்ளக்-இன், பாட்டு மென்பொருளுக்குள்ள சொருகிக்கிற குட்டி மென்பொருளு. அதை வித்த கம்பெனிய மூடி ரெண்டு வருஷம் ஆச்சி.

கொலு வெக்கிற அன்னைக்குக் காலையில, "பழைய சிஸ்டம் இனிமே பாதுகாப்பில்ல, புதுசுக்கு மாறு"ன்னு ஸ்க்ரீன்ல நூறாவது தடவையா வந்துச்சி. தொல்லை வுட்டா போதும்னு ஓகே அமுக்கினான். மாறிடுச்சி. பாட்டைத் தொறந்தான். பாதி லோடு ஆயி, பொத்துனு மூடிக்கிச்சி. மறுபடி தொறந்தான், மறுபடி மூடிக்கிச்சி.

ஒரு வாரம் டிரைவர் மாத்திப் பாத்தான், மென்பொருளை அழிச்சிப் போட்டுப் பாத்தான். எல்லாத்துக்கும் அதே பொத்து.

ஆயுத பூசை அன்னைக்கு சாயங்காலம் கடையில கூட வேலை பாக்கற பிரிட்டோ வந்தான். கம்ப்யூட்டருக்கு சந்தனம், குங்குமம், மேல ஒரு முழம் பூ.

"இன்னாடா, பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒக்கார வெச்சிருக்க?"ன்னான். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்னுபோச்சி. "டேய், பழைய சிஸ்டத்துக்குத் திரும்பிப்போவ பட்டன் இருக்குடா. ஆனா பத்து நாள்தான் இருக்கும். என்னைக்கு மாத்தின?"

"இன்னியோட ஒம்போது முடியுது."

"அப்ப ஆன் பண்ணு. இப்பவே."

மணி கைய நீட்டினான். நீட்டின கைய இழுத்துக்கினான். ஊருக்குப் போன் போட்டான். அவன் அம்மா சின்னபொண்ணு ஒரே பேச்சுல முடிச்சிடுச்சி: "பூசையில வெச்சத தொடாதடா. நாளைக்குப் பத்தே முக்காலுக்கு மேல நல்ல நேரம். பொரி கடலை படைச்சிட்டு எடு. ஒரு ராத்திரில இன்னா குடி முழுவிடப் போவுது?"

"எங்கூட்ல கிறிஸ்மஸுக்குக்கூட மிக்ஸிக்கு லீவு கெடையாது," பிரிட்டோ தலையில அடிச்சிக்கினான். "உன் மெஷினு, உன் சாமி. நான் இன்னா சொல்றது."

மறுநாள் பத்தே முக்காலுக்குப் படைச்சி, பூவ எடுத்து, ஆன் பண்ணான். பட்டன் இருக்கவேண்டிய எடத்துல, இந்த வசதி இப்ப இல்லன்னு ஒரு வரி. கொலு அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு மாத்தினது. எட்டு மணிக்கே பத்து நாள் முடிஞ்சிபோச்சி.

கடைசியா பிரிட்டோ போன்ல சொன்ன மாதிரி அந்த ப்ளக்-இன்ன மட்டும் எடுத்து வேற எடத்துல வெச்சான். பாட்டு தொறந்துச்சி. மூடல. மணி எழுந்து நின்னுட்டான். ப்ளே அமுக்கினான்.

விஜயராணி குரல் வந்துச்சி. மூக்கடைச்ச குரல். ஃபேன் சத்தம், நடுவுல ரயில் ஹாரன், சுதி எறங்கினது எறங்கின எடத்துலயே. மூணு மாச வேலை அந்த ப்ளக்-இன்னுக்குள்ளயே இருந்துச்சி, அதோட போயிடுச்சி. தீபாவளிக்குப் பதினெட்டு நாளு.

அன்னைக்கு மத்தியானம் அவளே போன் பண்ணா. "அண்ணா, முடிஞ்சிச்சா?"

சொல்லிட்டான். எல்லாத்தையும்.

"இருக்கறத அப்டியே போட்டா இன்னா?"

"நல்லா இல்லமா. அதை மாப்ள கேட்டாருன்னா..."

"திருப்பி வந்து பாடவா?"

"வுடுவாங்களா?"

அவளுக்குப் பின்னாடி மாமியார் குரல், "யாருடி போன்ல, பாட்டுக்கார அண்ணனா? வந்துச்சா உன் பாட்டு?"ன்னு கேக்குது. யாரோ சிரிக்கறாங்க. "அண்ணா, வெச்சிடறேன்"னு வெச்சிட்டா.

சிஸ்டத்த மொத்தமா அழிச்சிப் பழசப் போடலாம். ஆனா அந்த ப்ளக்-இன்ன மறுபடி போட லைசென்சு குடுக்க ஆள் இல்ல. ஏற்கெனவே அது ஓடிக்கினு இருக்கற வேற ஒரு பழைய கம்ப்யூட்டர்லதான் பாட்டு முழுசா தொறக்கும். நாலு ரெக்கார்டிங் கடை ஏறி எறங்கிட்டான். எல்லாரும் மாத்திட்டாங்க.

இதைப் படிக்கிறவங்க யாராவது சுதி சரி பண்ற பழைய ப்ளக்-இன்னோட, இன்னும் சிஸ்டம் மாத்தாத கம்ப்யூட்டர் வெச்சிருந்தீங்கன்னா, தயவு பண்ணி இப்போதைக்கு மாத்தாதீங்க. வில்லியனூர் ஸ்டேஷன் பின்னாடி மணிவண்ணன்னு கேளுங்க, சொல்லுவாங்க. ஒரு மணி நேரம் குடுத்தா போதும்.