எட்டு எலுமிச்சம்பழம்

அய்யாசாமி குடியை விட்டு அன்றோடு தொண்ணூற்று நான்கு நாள். இத்தனை நாளில் ஒரு சாயங்காலம்கூட மனைவி முத்தாயி அவரைத் தனியாக விட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விட வேண்டியதாகிவிட்டது. பொங்கலூரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் யாழினி காலையிலேயே போன் செய்து, குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று அழுதாள். அய்யாசாமி சாயப்பட்டறையில் பாய்லர் ஆபரேட்டர். ஞாயிறுதான் பாய்லரை அணைத்துக் கழுவுகிற நாள் என்பதால் பட்டறையிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் போக வேண்டும், ஊரை விட்டு அவரால் நகர முடியாது. முத்தாயி மட்டும் கிளம்பினாள்.

அவர் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அவள் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏழரைக்குள்ள வந்துருவனுங்க. ஆறு மணிக்குக் காப்பியப் போட்டுக் குடிச்சுப்போட்டு டீவியப் பார்த்துட்டு இருங்க."

"நானென்ன சின்னக் கொழந்தையா? போய்ட்டு வா புள்ள."

கேட் வரை போனவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

நான்கு மணி வரை படுத்துக் கிடந்தார். தூக்கம் வரவில்லை. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து வந்து மடித்தார். மடித்தது கோணலாக இருக்கிறதென்று உதறி மறுபடியும் மடித்தார். நாலரைக்குச் செருப்புகளையெல்லாம் வரிசையாக வைத்தார். ஐந்து மணிக்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ஹாலிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பதினைந்து வருஷமாக ஆறு மணியானால் அவர் கால் தானாகவே கடைத்தெருவுக்குப் போகும். விட்ட பிறகும் அந்த ஆறு மணி விடவில்லை. நாக்கு வறளும். உள்ளங்கை வேர்க்கும். யார் பேசினாலும் எரிச்சல் வரும். முதல் வாரம் அவர் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் யாழினி அந்தக் காப்பி மெஷினை வாங்கி வந்தாள். "அந்நேரத்துக்குக் கைக்கு ஏதாச்சும் வேலை இருந்துட்டே இருக்கோணும்ப்பா" என்றாள்.

பின்பக்கத் தொட்டியில் தண்ணீர், மேலே வலைக் கூடையில் காப்பித்தூள். சுவிட்சைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே தண்ணீர் கொதித்து ஏறி, தூளில் இறங்கி, கீழே கண்ணாடிக் குடுவையில் டிகாஷனாகச் சொட்டும். குடிப்பதற்கு ஐந்து நிமிஷம்தான் ஆகும். அதற்குப் பிறகுதான் அவர் வேலையே தொடங்கும். சக்கையைத் தட்டி, வலையைப் பழைய பல் பிரஷால் கண் கண்ணாகத் தேய்ப்பார். குடுவையைச் சீயக்காய் போட்டு விளக்குவார். அடித்தட்டை பனியன் வேஸ்ட் துணியால் துடைப்பார். எல்லாம் முடிந்து பார்த்தால் மணி ஏழைத் தாண்டியிருக்கும். உள்ளே பிறாண்டிக்கொண்டிருந்தது அதற்குள் ஓரளவு அடங்கியிருக்கும்.

அன்றைக்கு ஐந்தே முக்காலுக்கே தண்ணீரை ஊற்றிவிட்டார். சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. மெஷின் முக்கியது, கர் கர்ரென்று இழுத்தது. மேலே ஆவி வந்ததே தவிர, குடுவையில் நாலு சொட்டு விழுந்ததோடு நின்றுபோனது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். நாலு சொட்டுகூட வரவில்லை.

இரண்டு வாரமாகவே அது மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தொட்டியைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் உள்ளே போகும் துளையைச் சுற்றி வெள்ளையாக, கல்லு மாதிரி உப்பு ஏறியிருந்தது. குச்சியால் குத்தினால் பொருபொருவென்று உதிர்ந்தது. குழாய்க்குள் இன்னும் எவ்வளவு இருக்குமோ.

அய்யாசாமிக்கு வெட்கமாகிவிட்டது. இருபத்தாறு வருஷம் பாய்லர் பார்த்த ஆள். பட்டறையில் ஷிப்டுக்கு இரண்டு தடவை தண்ணீரைக் குப்பியில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, சிவப்பு நீலமாக மாறினால்தான் பாய்லருக்குள் விடுவார். உப்பு இருந்தால் குழாயில் படிந்து அடைத்துவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர். வீட்டில் தொண்ணூறு நாளாக இந்தச் சின்னப் பாய்லருக்கு போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். ஆற்றுத் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும் என்பதால் முத்தாயி அதைச் சமையலுக்கென்று குடத்தில் மூடி வைத்திருப்பாள். கேட்டால் கொடுத்திருப்பாள். கேட்கத் தோன்றவில்லை.

சட்டியில் தண்ணீரைக் காய்ச்சித் தூளைப் போட்டு வடிகட்டினால் காப்பி கிடைத்துவிடும். ஆனால் அது இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்தை என்ன செய்வது? மெஷினைச் சரி செய்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. பட்டறையில் குழாய்க்கு ஊற்றுகிற ஆசிட் வாயில் போகிற பண்டத்துக்கு ஆகாது. இந்தப் படிவைக் கரைக்க எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், போதும். பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினார்.

தெருமுனை மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு தீர்ந்துவிட்டது. பழமாவது இருக்கிறதா என்று கேட்டார். அதுவும் இல்லை. அடுத்த தெருக் கடை ஞாயிறு சாயங்காலம் அடைப்பு. அதற்கடுத்தது கடைத்தெரு.

மூன்று மாதமாக அந்தத் தெருவை அவர் மிதிக்கவில்லை. வேலைக்குப் போகும்போதுகூட ஒரு கிலோமீட்டர் சுற்றித்தான் போவார். ஒயின் ஷாப் வாசலில் சின்னத்தாய் போட்டிருக்கும் தள்ளுவண்டியில் அவித்த கடலை, மாங்காயோடு எலுமிச்சம்பழமும் குவிந்து கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். 'பழம் வாங்கத்தானே போறேன்' என்று சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே நடை வேகமாகிவிட்டது. மார்க்கெட் பக்கம் போனாலும் பழம் கிடைக்கும் என்பதை அவர் நினைக்காமல் இல்லை.

தெரு நிறைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இந்தி பேசிக்கொண்டு நாலைந்து பையன்கள் மீன் வறுவல் கடையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னத்தாய் அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கடலைப் பொட்டலத்தை மடிக்கத் தொடங்கினாள்.

"கடலை வேண்டாம் அம்மிணி. எலுமிச்சம்பழம் எட்டுக் குடு."

"எட்டா? எத்தனை பேருண்ணே வந்திருக்கீக?"

அவர் பதில் சொல்வதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது. அழகுமலை. நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன், சிவகாசிப் பக்கத்து ஆள். எட்டு வருஷமாக அவரோடு உட்கார்ந்து குடித்தவன்.

"அண்ணே! எங்கண்ணே போனீக? போனப் போட்டா எடுக்க மாட்டேங்கீக. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"ஒண்ணுமில்ல அழகு. ஊட்டுல மெஷினு ஒண்ணு அடச்சுக்கிச்சு. பழம் வாங்க வந்தேன்."

"பழம் வாங்க இங்கிட்டு வந்தீகளாக்கும்?" அழகுமலை சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. நிஜமாகவே அவனுக்குச் சந்தோஷம். "ஒரு நிமிசம் உக்காருங்கண்ணே. பேசி எத்தனை நாளாச்சு."

கையைப் பிடித்து இழுத்தான். அய்யாசாமி உட்கார்ந்தார். பிளாஸ்டிக் ஸ்டூல், மடியில் பழப் பை. அழகுமலை தன் ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு டம்ளரைக் கழுவி அவர் முன்னால் வைத்து ஊற்றினான். வற்புறுத்தவில்லை. ஊற்றி வைத்துவிட்டு அவன் பாட்டுக்குப் பேசினான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அய்யாசாமியின் காது அடைத்துக்கொண்டது. அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வலது கை மடியிலிருந்து எழுந்து மேஜை ஓரத்துக்கு வந்துவிட்டது. அதை யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. முத்தாயி.

"பஸ் ஏறிட்டனுங்க. கொழந்தைக்குக் காய்ச்சல் எறங்கிருச்சு. காப்பி குடிச்சீங்களா?"

"ம், குடிச்சேன்."

"எங்க இருக்கீங்க, ஒரே சத்தமா இருக்குது?"

"டீவி ஓடுது."

அவள் சரியென்று வைத்துவிட்டாள். அய்யாசாமி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு லேசாக வந்துவிட்டது! 'டீவி ஓடுது', 'பட்டறையில இருக்கேன்', 'வண்டி பஞ்சர்'. பதினைந்து வருஷம் இப்படித்தான் வாயில் தயாராக இருக்கும். இன்னும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, அதற்குள் பொய் வந்துவிட்டது.

எழுந்துவிட்டார்.

"அண்ணே, ஊத்துனது இருக்கே!"

"நீயே குடிச்சுக்க அழகு. போன் பண்ணாம இருந்தது தப்புதான். ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வா. இங்க மட்டும் என்னக் கூப்புடாத."

அழகுமலையின் முகம் சுருங்கியது. "குடிய விட்டுட்டீகளாண்ணே?" என்று கேட்டான். அவர் ஆமென்று தலையாட்டிவிட்டு நடந்தார். முதுகுக்குப் பின்னால் அவன் என்ன செய்தான் என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. தெருமுனை தாண்டியதும் கிட்டத்தட்ட ஓடினார்.

வீட்டில் எட்டுப் பழத்தையும் பிழிந்தார். அவசரத்தில் இரண்டு விதையோடு சதையும் விழுந்துவிட்டது. சதை போனால் அடைப்பு இன்னும் இறுகும். வேஸ்ட் துணியை இரண்டாக மடித்து வடிகட்டினார். அளவாகத் தண்ணீர் கலந்து தொட்டியில் ஊற்றி, சுவிட்சைத் தட்டி, உள்ளே சூடேறிக் குழாய்க்குள் ஏறுகிற சத்தம் கேட்டதும் அணைத்தார். இனி அரை மணி நேரம் அப்படியே ஊற வேண்டும். பாய்லருக்கென்றால் ராத்திரி முழுக்க ஊற வைப்பார்கள்.

அந்த அரை மணி நேரம்தான் போகவேயில்லை. மணியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். வலையைக் கழுவி வைத்தார். கழுவிய வலையையே திரும்பக் கழுவினார். அடுப்பு மேடையைத் துடைத்தார். பதினோரு நிமிஷம்தான் ஆகியிருந்தது. சட்டையில் மீன் வறுவல் புகையும் கடை வாசனையும் அடித்தது. கழற்றிவிடலாமென்று பொத்தானில் கை வைத்தவர், அப்படிச் செய்தால் மறைத்த மாதிரி ஆகும் என்று விட்டுவிட்டார்.

முத்தாயி ஏழேகாலுக்கே வந்துவிட்டாள். உள்ளே நுழைந்ததும் நின்றாள். வீடு முழுக்கப் புளித்த வாடை. சட்டையில் அந்த வாசனை. பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எங்க போனீங்க?"

"கடைத்தெருவுக்கு. மெஷினு அடச்சுக்கிச்சு, எலுமிச்சம்பழம் வாங்கப் போனேன். அழகுமலை இருந்தான். உக்காந்தேன். ஊத்தி வச்சான்." ஒரே மூச்சில் சொன்னார். "குடிக்கல."

அவள் பக்கத்தில் வந்தாள். முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஊதுங்க."

பழைய நாட்களில் தினம் கேட்கிற வார்த்தை. மூன்று மாதமாகக் கேட்கவில்லை. அய்யாசாமிக்குச் சுர்ரென்று ஏறியது. குடிக்காமல் வந்தவனை ஊதச் சொல்கிறாளே என்று கத்த வாயைத் திறந்தவர், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு ஊதினார். அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"குடிக்கலீன்னு ஊதறதுக்கு முன்னாலயே தெரியுமுங்க. இருந்தாலும் கேக்காம இருக்க முடியல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்பறம் எதுக்கு டீவி ஓடுதுன்னு சொன்னீங்க? அதத்தானுங்க தாங்க முடியல. பஸ்ஸுல வர்றப்ப முழுக்க அந்தச் சத்தத்தையேதான் நெனச்சுட்டு வந்தேன். எந்த ஊரு டீவியில மீன் வறுக்கற சத்தம் கேக்கும்?"

"வாய் தானாச் சொல்லிருச்சு புள்ள. சொன்னப்பறம்தான் எந்திரிச்சு வந்தேன்."

அரை மணி ஆகிவிட்டதென்று அவர் சுவிட்சைத் தட்டினார். மெஷின் இருமியது. முதலில் சேறு மாதிரி பழுப்பாகக் கொஞ்சம் வந்தது. பிறகு வெள்ளைச் செதில்கள் மிதக்க, மடமடவென்று இறங்கத் தொடங்கியது. முத்தாயி எழுந்து வந்து குடுவையை எட்டிப் பார்த்தாள்.

"இத்தனையுமா உள்ள இருந்துச்சு?"

"அத்தனையும் நம்ம போர் தண்ணி உப்பு."

அவள் போய் மூடி வைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்தாள். "கழுவறதுக்கு இத ஊத்துங்க. இனி காப்பிக்கும் இதுலயே எடுத்துக்குங்க. சமையலுக்கு நான் கேன் தண்ணி வாங்கிக்கறேன்."

இரண்டு தொட்டி ஆற்றுத் தண்ணீர் ஓட்டினார். மூன்றாவதும் ஓட்ட வேண்டும். பொறுமை இல்லை. தூளைப் போட்டு டிகாஷன் இறக்கிப் பாலை ஊற்றினார். உள்ளே மிச்சமிருந்த எலுமிச்சைப் புளிப்பில் பால் திப்பி திப்பியாகத் திரிந்துபோயிற்று. இருவரும் அதையே பார்த்தார்கள். முத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அய்யாசாமியும் சிரித்தார். ஆனால் அவர் கால் இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மூன்றாவது தொட்டியை ஓட்டி, வலையைத் தேய்த்து, மறுபடி போட்டுக் குடித்து முடிக்கும்போது மணி எட்டு. குடுவை பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஒயின் ஷாப் மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் ஹாலிலிருந்து வாசலுக்கு இரண்டு நடை போய் வந்தார்.

முத்தாயி ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொட்டி நடு ஹாலில் வைத்தாள்.

"எதுக்கு இத்தன?"

"நாளைக்கும் ஆகுமுங்க. உக்காருங்க."

உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். பேரனுக்கு எப்போது காய்ச்சல் இறங்கியது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே உரித்தாள்.