லியோனார்ட் இளைப்பாறுகிறார்

செர்டாங் வட்டாரத்தில் யார் வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் லியோனார்ட்டைத்தான் கூப்பிடுவார்கள். வயர்மேன். கோயில் ஒலிபெருக்கி கரகரக்கிறதா, எஸ்டேட் கல்யாணத்துக்கு சீரியல் விளக்குக் கட்ட வேண்டுமா, மனுஷன் சோற்றில் வைத்த கையைக் கழுவிவிட்டு ஓடுவார். "வர்றேன்" என்பது நாக்கில் தயாராக இருக்கும். "முடியாது" என்ற சொல் அந்த வாயில் பிறந்ததே இல்லை.

போன வாரம் அவர் மனைவி பிரிஜெட் பேசித் தீர்த்துவிட்டாள். கத்தவில்லை. 

"நம்ம ஊர்ல வெள்ளி, சனிதான் வார லீவு. ஞாயித்துக்கெழம பப்ளிக் ஹாலிடே. மூனு நாளும் நீங்க வீட்டுல இருக்கணும். எவனாவது கூப்பிட்டான்னு வாசல் கேட்டத் தாண்டினீங்கன்னா, நான் பாலிங்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வரமாட்டேன்லா."

லியோனார்ட் பயந்துபோனார். பயத்தோடு ரோஷமும் வந்தது. மூன்று நாளும் நானே சமைக்கிறேன், நீ கால்மேல் கால் போட்டு உட்கார் என்று வாக்குக் கொடுத்தார். வியாழக்கிழமை மாலையே தன் கைப்பேசியை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டார். போட்ட பிறகுதான் ஊருக்குச் சொல்ல வேண்டுமே என்று உறைத்தது. பிரிஜெட்டின் கைப்பேசியை எடுத்து, மாதா கோயில் ஜெபக்குழுவின் வாட்சாப்பில் செய்தி போட்டார். தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்ற கர்வம் அவருக்குக் கொஞ்சம் உண்டு. அதனால் நல்ல தமிழில் எழுதினார்.

"லியோனார்ட் வீட்டில் இளைப்பாறுகிறார். இனி அவரைக் கூப்பிட வேண்டாம்."

அந்தக் கைப்பேசியையும் அணைத்து அதே டின்னில் போட்டு மூடினார்.

ரெஸ்ட் எடுக்கிறார் என்று எழுதித் தொலைத்திருக்கலாம். கத்தோலிக்கர்கள் குழுவில், அதுவும் மனைவியின் எண்ணிலிருந்து, இளைப்பாறுகிறார் என்றால் என்ன அர்த்தம்? போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதானே? நித்திய இளைப்பாற்றிக்கு ஜெபித்த எத்தனை அடக்கங்களுக்கு இந்த மனுஷனே மைக் கட்டியிருக்கிறார்! அவருக்கு உறைக்கவில்லை. என்ன செய்வது, விடுமுறை மயக்கம்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டுக்கறி பெரட்டலோடு ஆரம்பித்தது. இஞ்சி, பூண்டு இடித்தார். வெங்காயம் நறுக்கிக் கண்ணைக் கசக்கினார். பிரிஜெட் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு, தேத்தண்ணியோடு உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடையிடையே சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! லியோனார்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கரண்டி மிளகாய்த்தூளைக் கூடுதலாகவே போட்டார்.

அப்போது வாசலில் லோரி வந்து நின்றது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கெமா போடும் குணாளன், கூடாரக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தான். கரண்டியோடு வெளியே வந்த லியோனார்ட்டை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணே, கம்பி இடிக்கும். பொணத்த எங்க வச்சிருக்காங்க?"

"யாரு பொணம்டா?"

"நம்ம லியோனார்ட் அண்ணன்தான்..." என்று தலையைத் தூக்கியவன், கம்பியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டு அலறினான்.

கூடாரக் கம்பியையும் அலறலையும் வைத்துச் சாவு வீடு என்று முடிவுகட்டி, பக்கத்து வீட்டு மருதம்மாள் பின்பக்கமாக உள்ளே நுழைந்தாள். துக்கம் கேட்க வந்தவள் அடுப்பைப் பார்த்ததும் துக்கத்தை மறந்து, நேரே போய் கேஸை மூடினாள்.

"எழவு வீட்டுல அடுப்பு எரியலாமா? நாங்க சோறு கொண்டாற மாட்டமா?"

"அக்கா, நான் உசுரோடதான் இருக்கேன்!"

"அது ஒன் பாடு தம்பி. கெமா போட்டாச்சு. மொறைன்னு ஒன்னு இருக்குல்ல?"

லியோனார்ட் அடுப்பைப் பற்றவைத்தார். மருதம்மாள் மூடினாள். மறுபடி பற்றவைத்தார். மறுபடி மூடினாள். அதற்குள் வெள்ளை உடுப்பில் ஜெபக்குழு வந்து சேர்ந்தது. முன்னால் மலர்வளையத்தோடு தலைவர் ரோனால்ட். லியோனார்ட்டைப் பார்த்ததும் வளையம் கைநழுவியது.

"ஆண்டவரே!" என்று கட்டிப்பிடித்து அழுதார். எல்லோரும் அழுதார்கள், சிரித்தார்கள், செய்தியை எடுத்துக் காட்டித் திட்டினார்கள். மகிழ்ச்சி அவ்வளவுதான் நீடித்தது. ரோனால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சுண்ணே. கோயில் ஃபேன் ஓடமாட்டேங்குது. நீங்க போயிட்டீங்களே, யார்கிட்ட சொல்றதுன்னு வழியெல்லாம் கவல. ஒரு எட்டு வந்துடுங்க."

"வர்ற வழியில நம்ம லோரி லைட்டையும் பாத்துடுங்கண்ணே," என்றான் குணாளன், காலைத் தேய்த்தபடி.

"எங்க வீட்டு வாட்டர் ஹீட்டரு..." என்று தொடங்கினாள் மருதம்மாள்.

லியோனார்ட்டின் வாய் பழக்கதோஷத்தில் "வர்..." என்று திறந்துவிட்டது. பிரிஜெட் நாற்காலியிலிருந்து எழுந்தாள். துணிமணி எடுத்துவைக்க, அலமாரி இருக்கும் அறையைப் பார்த்து நடந்தாள்.

லியோனார்ட் அவசரமாக மற்றவர்கள் பக்கம் திரும்பினார். முடியாது என்று சொல்லிப் பார்த்தார். வரவில்லை. தொண்டையைச் செருமினார். அப்போதும் வரவில்லை. கடைசியில் ஹால் நடுவில் பாயை விரித்தார், கரண்டியை நெஞ்சில் வைத்துக் கைகளைக் கூப்பினார், நீட்டிப் படுத்துவிட்டார்.

"நான் செத்துட்டேன்."

"விளையாடாதீங்கண்ணே!"

"எழுதினத நம்பித்தானே வந்தீங்க? இப்பவும் நம்புங்க. செத்தவன் ஃபேன் பாக்க வரமாட்டான்."

முறை தெரிந்த மருதம்மாள்தான் முதலில் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தாள். எடுத்த பிறகு சும்மா நிற்க முடியுமா? ரோனால்ட் எழுதிக்கொண்டு வந்திருந்த இரங்கல் உரையைப் படித்தார். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவர், இல்லை என்று சொல்லத் தெரியாதவர், நம் எல்லோர் வீட்டுப் பிள்ளை. நிஜமாகவே குரல் உடைந்தது. முடித்துவிட்டு, அறை வாசலில் நின்ற பிரிஜெட்டைப் பார்த்தார்.

"குடும்பத்து சார்பா ரெண்டு வார்த்த சொல்லுங்க அண்ணி."

பிரிஜெட் கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் அவர்கூட இருந்தீங்க. கல்யாணத்துக்கு, சாவுக்கு எங்க போனாலும் நான் பந்தியில தனியா உக்காந்திருப்பேன், இவரு ஏணி மேல நிப்பாரு. நல்லவருன்னு எல்லாரும் சொல்றீங்க. சந்தோஷம்."

ஒப்பாரி பாதியில் நின்றது. படுத்திருந்தவரின் கடைக்கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"பொணம் அழுவுதுடி," என்றாள் மருதம்மாள் மெதுவாக. எழுந்து, தான் மூடிய கேஸைத் தானே திறந்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போனாள். மற்றவர்களும் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். குணாளன் நொண்டியபடி கம்பிகளை லோரியில் ஏற்றினான்.

லியோனார்ட் எழுந்து பெரட்டலை முடித்தார். சுடச்சுடச் சோறு போட்டு, நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து பிரிஜெட் தட்டில் வைத்தார். எதிரே உட்கார்ந்தார். அவள் மசாலாவை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கறிய எடுத்து சாப்பிடு. நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. நான் ஆட்டுக்கறி சாப்பிட மாட்டேங்க."

"எப்பருந்து?"

"சின்னப் புள்ளையிலருந்து."

லியோனார்ட்டின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"காலையில நறுக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க வீட்டுல நின்னு எனக்காக சமைச்சுக்கிட்டு இருந்தீங்க," என்றாள் பிரிஜெட். "அத எதுக்கு நிறுத்தணும்னு விட்டுட்டேன்."