நூற்று எண்பத்து மூன்று பேர்

எல்லர்பாக் ரயில் நிலையத்தின் பழைய உணவகத்தை முப்பது வருடம் கழித்து அந்தச் சனிக்கிழமை மதியம் திறந்திருந்தார்கள். கட்டடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டுவதா, இல்லை ஊர்ச் சங்கமே வாங்கிச் செப்பனிடுவதா என்று முடிவு செய்யக் கூட்டம். சூடாக்கும் கருவி வேலை செய்யவில்லை. அறுபது பேர் மேல்கோட்டைக் கழற்றாமல் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நகராட்சியிலிருந்து வந்திருந்த பெண் நிலையத்தின் கதையைத் திரையில் காட்டிக்கொண்டு வந்தாள். குதிரை வண்டிகள் நிற்கும் செங்கல் கட்டடம், போரில் கூரை போன கட்டடம், சுரங்கத் தொழிலாளிகள் நெருக்கியடித்து நிற்கும் நடைமேடை. அடுத்து ஒரே ஓர் எண் மட்டும் பெரிதாக வந்தது. 183.

"தொண்ணூத்தி நாலுலயே ஒரு நாளைக்கு இவ்வளவு பேர்தான் வந்து போயிருக்காங்க. அதனாலதான் டிக்கெட் கவுண்டரையும் இந்த உணவகத்தையும் மூடினாங்க," என்றாள்.

கடைசி வரிசையில் அன்னெகிரெட் லோரென்ஸ் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். அந்த எண்ணை எழுதியவள் அவள்தான்.

அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது, கவுண்டரில் வேலை. பிப்ரவரியில் ஒரு வாரம் நடைமேடையில் நின்று பயணிகளை எண்ணச் சொன்னார்கள். மேலதிகாரி அவளைப் பொய் எழுதச் சொல்லவில்லை. இருநூறுக்குக் கீழே வந்தால் கவுண்டரை மூடிவிடுவார்கள், மூடினால் அவளுக்கு நகரத்துப் பெரிய நிலையத்தில் இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவள் வீடும் மகளின் பள்ளியும் நகரத்தில்தான் இருந்தன. முதல் நாள் சரியாகத்தான் எண்ணினாள். இரண்டாம் நாள் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டாள். அவர்கள் மாதச் சீட்டுக்காரர்கள், கவுண்டர் பக்கமே வராதவர்கள், அவர்களை எதற்குச் சேர்ப்பது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் பனியும் மழையுமாகக் கொட்டியது. காலை முதல் வண்டியின் தொழிற்சாலைக் கூட்டம் முழுவதையும் கவுண்டர் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பென்சிலை எடுக்கவில்லை. பிறகு முதல் நாள் கணக்கையும் திருத்தினாள். அந்த ஏழு நாளும் உணவகம் நடத்திய ஓட்டோமர் கோவால்கே இரண்டு வேளை சூடான காப்பி கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அவருக்கு எண்பத்து நாலு. முன் வரிசையில் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். உணவகம் நடத்தியவர் என்பதால் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். எல்லோரையும் போல அன்னெகிரெட்டும் அவர் கட்டடத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார் என்று நினைத்தாள்.

"இடிச்சிடுங்க," என்றார் அவர். "ஆளே வராத இடத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அந்தக் கணக்குல தப்பு இருக்காது. எடுத்த அம்மா ஒரு வாரம் குளிர்ல நின்னாங்க. நான் கண்ணால பாத்தேன்."

தேநீர் இடைவேளை விட்டார்கள். ஓட்டோமர் வாக்கெடுப்புக்குக் காத்திராமல் வீட்டுக்குப் போக நடைமேடைக்கு வந்துவிட்டார். அன்னெகிரெட் பின்னாலேயே போய்த் தன் பெயரைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் கையைக் கொடுக்காமல் நடந்ததை முழுக்கச் சொன்னாள். பெரிய நிலையத்து வேலையை, மகளின் பள்ளியை, திருத்திய கணக்கை, ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போதே அது ஒரு சலுகை கேட்பதுபோல ஒலிப்பது அவளுக்குத் தெரிந்தது.

நீட்டிய கைகளை அவர் மெதுவாகக் கீழே இறக்கினார்.

"நிஜத்துல எத்தனை பேர்?"

"நானூறுக்கு மேல."

அவர் தண்டவாளத்தின் பக்கம் திரும்பினார்.

"ஹெட்விக் அதைத்தான் சொன்னா. என் பொண்டாட்டி. 'கோப்பை கழுவுறவ நான், எனக்குத் தெரியாதா? இந்தக் கணக்கு தப்பு, ரயில்வேக்கு எழுதிக் கேப்போம்'னா. கடிதத்தை எழுதியே வச்சிட்டா. நான்தான் கையெழுத்துப் போடல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்தம்மா பொய் சொல்ல மாட்டாங்க, அவங்க பேரைக் கெடுக்காதேன்னு அவளைத் திட்டினேன். உணவகத்தை மூடினப்புறம் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில தரை துடைச்சா. இந்தப் பேச்சை அவ மறுபடி எடுக்கவே இல்ல. நான் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டான்னு நெனச்சேன்."

மன்னித்துவிடுங்கள் என்று வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. தன் தலையில் இருந்த பாரத்தில் பாதியை எடுத்து இந்தக் கிழவர் தலையில் வைத்துவிட்டோமே என்றிருந்தது.

வண்டி வந்து நின்றது. சேறு படிந்த காலணிகளோடு ஒரு கால்பந்துக் குழுவே இறங்கியது. பெண் பிள்ளைகள் கத்திச் சிரித்துக்கொண்டு இருவரையும் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஓட்டோமர் ஏறவில்லை. கதவுகள் மூடின, வண்டி நகர்ந்தது.

உள்ளே ஒலிபெருக்கியில் எல்லோரையும் வாக்கெடுப்புக்கு வந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர் உணவகத்தை நோக்கி நடந்தார். வாசலில் அந்தப் பழைய கனமான கதவைத் தோளால் தள்ளித் திறந்தார். ஆனால் உள்ளே போகவில்லை. கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு கையால் தாங்கிக்கொண்டு, நடைமேடையில் நின்ற அவளைப் பார்த்தார். கதவு அவரைப் பின்னுக்குத் தள்ளியது. அவள் வந்து உள்ளே இருப்பவர்களிடமும் சொல்லட்டும் என்று அவர் கையை எடுக்காமல் நின்றார்.