ஒரு சாண் காற்று

கவச உடை கழற்றும் அறையில் நின்று அந்த நர்ஸ் "கை" என்று சொன்னால், யாருடைய கையாக இருந்தாலும் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றுவிடும். அவரே சானிடைசர் ஊற்றி "ம்" என்ற பிறகுதான் கீழே இறங்கும். பெரிய டாக்டர் ஒருவர் காது சொறியப் போய் மாட்டிக்கொண்ட அன்று பார்த்து சானிடைசர் தீர்ந்திருந்தது. லாரி வந்து சேரும்வரை மனிதர் சிலையாக நிற்க, கழுவிய பாதுகாப்புக் கண்ணாடிகளை அவர் விரல்களில் மாட்டிக் காயப்போட்டார்கள். நன்றாகவே காய்ந்தன.

இந்தச் சக்தி சும்மா வந்ததல்ல. தொற்றுநோய் தொடங்கிய புதிதில் வார்டு ஊழியர் ஒருவர், கடைசியில் கழற்ற வேண்டிய முகக்கவசத்தை அலுப்பில் முதலில் கழற்றி, கையுறையைக்கூட உருவாமல் முகத்து வியர்வையைத் துடைத்தார். பக்கத்திலிருந்த இதே நர்ஸ் பார்த்தார். அசதியில் வாய் திறக்கவில்லை. ஊழியர் அதே வார்டில் நோயாளியாகப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்ட சொல்தான் தொண்டையில் ஊறி ஊறி அவ்வளவு கனத்துப்போனது என்பார்கள். அதன்பிறகு அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒருவருக்குக்கூட நோய் ஒட்டவில்லை.

நர்ஸ் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. பழைய எக்ஸ்ரே அறையில் தனியாகப் படுத்துக்கொண்டார். கணவரும் சின்ன மகளும் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள்.

"எப்ப வர்ற?"

"வரேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்ன."

"சரி, அடுத்த தடவ மாத்திச் சொல்றேன்."

ஒருவழியாக நோய் ஓய்ந்தது. வீட்டு வாசலில் கால் வைத்ததும் மகள் ஓடிவந்து, முகக்கவசம் பதித்த தழும்பைத் தடவ இரண்டு கைகளையும் நீட்டினாள். பழக்கதோஷம், நர்ஸின் வாயிலிருந்து வந்துவிட்டது: "கை."

கைகள் நின்றன. சானிடைசர் ஊற்றி "ம்" என்றதும் கீழே இறங்கின. ஆனால் மறுபடி நீட்டினால் ஒரு சாணுக்கு மேல் நகரவில்லை. பாட்டில் பாட்டிலாக ஊற்றியதில் தெருவே ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. பலனில்லை.

"சும்மா தொட்டுப் பாக்கத்தாம்மா."

"தெரியும்டா கண்ணு. வாய் தவறிடுச்சு."

அன்றிலிருந்து அவர் முகத்தை எதுவும் தொட்டதில்லை. கொசு வந்து, யோசித்து, திரும்பிப் போகும். மழையில் ஊரே நனைந்தாலும் அவர் நெற்றி காய்ந்தே இருக்கும். அவர் அழுதால் கணவர் ஒரு சாண் தள்ளித் துடைத்துவிடுவார். துண்டு நனையாது, ஆனாலும் துடைப்பார்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். தினமும் புறப்படும்போது அம்மாவின் கன்னத்துக்கு நேரே உள்ள காற்றில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறாள். இத்தனை வருட முத்தத்தில் அந்த இடத்தில் காற்று தேய்ந்து, பளபளவென்று ஆகிவிட்டது. வெயில் பட்டால் கண் கூசும். நர்ஸ் கடந்து போகும்போது வீட்டில் உள்ளவர்கள் அதில் இடித்துவிடாமல் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.